ஆற்றோடு போன கட்டையின் ஆறாவது கேள்வி

ஒரு காட்டில் ஒரு நாவல் இருந்தது. சிங்கம் இல்லையா, முயல் இல்லையா என்று கேட்காதீர்கள். எல்லாம் இருந்தன. ஆனால் அந்தக் காட்டில் சிங்கத்தைவிட நாவலுக்குத்தான் மரியாதை அதிகம். பெயர் 'ஆற்றோடு போன கட்டை'. எழுதியவர் ஒரு கரடி, காலமாகிவிட்டார். அறுநூற்றெட்டுப் பக்கம். வெள்ளத்தில் விழுந்த ஒரு மரக்கட்டை, கடல் போய்ச் சேருவதற்குள் தன்னையே ஆறு கேள்வி கேட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான் கதை. இதைப் படித்துத் தன் வாழ்க்கையே மாறிவிட்டதாகச் சொல்லாத மிருகம் அங்கே கிடையாது. யார் வாழ்க்கையும் மாறிய மாதிரி தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த நாவலுக்கு அத்தாரிட்டி ஒரு தேவாங்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் குப்பன். இலக்கியத்துக்கு வந்த பிறகு நிசிவாணன். தேவாங்குக்கு இயற்கையிலேயே கண் பெரிது, உடம்பு ஒல்லி, நடை நிதானம். அதனால் வாயைத் திறக்காமலே நிறையப் படித்தவர் போலத் தெரிவார். வாயைத் திறந்தால், "ஒன்பது தடவை படிச்சிருக்கேன்" என்பார்.

ஒன்பது தடவை ஆரம்பித்தது நிஜம். ஆனால் ஒரு தடவைகூட நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. கட்டை ஒரு பாறையில் இடித்துக்கொண்டு, காலம் என்றால் என்ன என்று யோசிக்கிற இடம் அது. அங்கே வந்ததும் மனுஷனுக்கு, தப்பு, தேவாங்குக்குக் கண் சொக்கிவிடும். முதல் ஐந்து கேள்விகள் பின்னட்டையிலேயே அச்சாகியிருந்ததால் பிழைப்பு ஓடிற்று. "மிதக்கிறவன் போகிறானா, தண்ணீர் போகிறதா?" என்பது இரண்டாவது கேள்வி. அதை அந்தக் காட்டில் கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடுவார்கள். ஆறாவது கேள்வி மட்டும் பின்னட்டையில் இல்லை. 'அதை நாவலின் முடிவில் வாசகரே கண்டடைவார்' என்று போட்டிருந்தது.

கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தார். கட்டையின் மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. கேள்வி எதுவும் கண்ணில் படவில்லை. ஆழம் போலிருக்கிறது என்று மூடி வைத்துவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எனக்கும் நல்ல நாவல்கள் பல தெரியும், பின்னட்டை வரைக்கும்.

மாதாமாதம் இலுப்பை மரத்தடியில் வாசகர் வட்டம் கூடும். யாராவது ஒரு புதுசு எழுந்து, "ஐயா, அந்த ஆறாவது கேள்வி என்னங்கய்யா?" என்று கேட்கும். நிசிவாணன் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவு பெரிய கண்ணை மூட நேரம் பிடிக்கும், கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு, "அதைச் சொல்லக் கூடாதுப்பா. அடையணும்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பதினோரு வருஷம் இப்படியே ஓடிற்று.

ஒரு நாள் வட்டத்தின் செயலாளர் முள்ளம்பன்றி செங்கோடன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், விஷயம் தெரியுமா? நம்ம கட்டையைப் படமா எடுத்து முடிச்சுட்டாங்களாம்! அடுத்த மாசம் ரிலீஸ்!"

"அப்படியா?" என்றார் நிசிவாணன்.

"இனிமே ஆறாவது கேள்வி குட்டி குஞ்சுக்கெல்லாம் தெரிஞ்சிடும் சார். முதல் காட்சிக்கு முன்னாடி மேடையில நீங்கதான் பேசறீங்க. கேள்விய உங்க வாயால சொல்றீங்க, உடனே திரையில படம். டைரக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். போஸ்டர்லயே உங்க பேரு இருக்கு."

செங்கோடன் போன பிறகு நிசிவாணன் கிளையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒன்றைச் சொல்லி, திரையில் வேறொன்று வந்தால் மானம் போச்சு. பதினோரு வருஷ கௌரவம், தலைமை நாற்காலி, 'ஐயா' பட்டம் எல்லாம் இடைவேளைக்கு முன்னாலேயே காலி. பிறகு மறுபடியும் வெறும் குப்பன்தான்.

இலக்கியவாதிகள் பயந்தால் என்ன செய்வார்கள்? கொள்கை முழக்கம் செய்வார்கள். "மகத்தான நாவலை சினிமாக்காரன் கையில கொடுத்தா குரங்கு கையில பூமாலைதான்" என்று அறிக்கை விட்டார். குரங்குகள் வருத்தப்பட்டன, ஆனாலும் கையெழுத்துப் போட வந்தன. தடை கோரும் படிவம், மூன்று பிரதி, இரண்டு புகைப்படம், அடையாள அட்டை நகல். வரிசை ஓடைக்கரை வரை நீண்டது. காட்டெருமை ஒன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஐயா, இது தடைக்கான வரிசைதானே?" என்று கேட்டது.

"ஆமாம்பா."

"டிக்கெட்டுக்கு எது?"

"பக்கத்து வரிசை."

"ரொம்ப நன்றிங்க" என்று அந்த வரிசையில் போய் நின்றுகொண்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். தடை மனு என்ன ஆயிற்று என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

வேறு வழியே இல்லை என்று ஆன பிறகுதான் நிசிவாணனுக்கு அந்த விபரீத யோசனை வந்தது. நாவலைப் படித்துவிடுவது.

நின்றுகொண்டே படித்தார். தூக்கம் வராமலிருக்கக் காந்தாரி மிளகாயைக் கடித்துக்கொண்டார். நாற்பத்தொன்றாம் பக்கம் தாண்டியது. அடடா, என்ன எழுத்து! கட்டை ஒரு பாலத்தடியில் சிக்கிக்கொள்கிறது. ஒரு கொக்கு வந்து அதன் மேல் உட்காருகிறது. எழுந்து போ என்று சொல்லக் கட்டைக்கு வாய் இல்லை. இரு என்று சொல்லவும் வாய் இல்லை. நிசிவாணன் அழுதார். சத்தியமாக அழுதார். மேடையில் அழுகிற மாதிரி இல்லை, மூக்கெல்லாம் ஒழுகிற்று. இத்தனை வருஷம் இதைத் தலையணையாகத்தானே வைத்திருந்தோம், பாவி, என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அறுபத்துநாலாம் பக்கத்தில் கொக்கு உட்கார்ந்திருந்தது. புரட்டினார். மறுபடியும் கட்டை பாலத்தடியில் சிக்கியது. பக்க எண்ணைப் பார்த்தார். நாற்பத்தொன்பது!

அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அடிப்பார்கள், அதை ஃபாரம் என்பார்கள். நாலாவது ஃபாரம் முடிந்ததும் ஐந்தாவது வர வேண்டிய இடத்தில் நாலாவதே மறுபடி வந்திருந்தது. அதன் பிறகும் அதே நாலாவது. அட்டை வரைக்கும் நாலாவதேதான். முப்பத்தைந்து முறை கட்டை சிக்கி, முப்பத்தைந்து முறை கொக்கு உட்கார்ந்திருந்தது. அறுநூற்றெட்டுப் பக்க நாவலின் கடைசிப் பக்க எண் அறுபத்துநாலு.

தன் பிரதி மட்டும்தான் இப்படியோ என்று, "ஒரு மேற்கோள் சரிபார்க்கணும்" என்று சொல்லி வீடு வீடாக இரவல் வாங்கினார். செங்கோடன் பிரதியில் பன்னிரண்டு பக்கம் வரை அடிக்கோடு, பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகை, அதற்குப் பிறகு கன்னி கழியாத காகிதம். விமர்சகி மயில் பூங்கோதை, நாவலைப் பற்றி இருநூறு பக்கத்துக்கு ஆய்வு எழுதியவர், தன் பிரதியின் பிளாஸ்டிக் உறையையே பிரிக்கவில்லை. "அழுக்காயிடும்னு பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். பிரித்துப் பார்க்க முடிந்த எல்லாப் பிரதியிலும் அதே நாலாவது ஃபாரம். இருபது வருஷம், பதினோரு பதிப்பு, மூன்று விருது. புத்தகம் கோளாறு என்று ஒரு ஜீவன் திருப்பிக் கொடுக்கவில்லை!

நிசிவாணன் கிளையில் குதித்தார். ஒருத்தனும் படிக்கலை! சினிமாக்காரனிடமும் இதே புத்தகம்தான், திரையில் வேறு கேள்வி வந்தால் அதுதான் தப்பு என்றுவிடலாம். இனி ஆறாவது கேள்வி என்று எதை அவிழ்த்துவிட்டாலும் கேட்க நாதியில்லை. பிழைத்தோம்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அவரும் நன்றாக இருந்திருப்பார். ஆனால் பாழாய்ப்போன அந்த அறுபத்துநாலு பக்கத்தைப் படித்துத் தொலைத்துவிட்டாரே. அந்தக் கட்டை பாலத்தடியிலிருந்து விடுபட்டதா, கடல் சேர்ந்ததா, கடைசியில் என்ன கேட்டது? முதல் முறையாக அவருக்கே தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. சோறு இறங்கவில்லை.

பதிப்பாளர் பெருச்சாளி தங்கப்பனிடம் ஓடினார். "கையெழுத்துப் படி இருக்குதுங்களா?"

"கரையான் தின்னுடுச்சு சார்."

"இருபது வருஷமா தப்பா அச்சடிச்சிருக்கீங்களே, ஐயா!"

"யாரும் ஒண்ணும் சொல்லலையே சார். சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேன்" என்றார் தங்கப்பன். பிறகு கொஞ்சம் யோசித்து, "கரடியார் முதல்ல பத்துப் பிரதி மட்டும் தன் கையாலேயே அடுக்கித் தைச்சு சிநேகிதங்களுக்குக் கொடுத்தாரு. அதுல சரியா இருக்கும். யார் கையில இருக்கோ?" என்றார்.

முதல் காட்சி நாள் வந்தது. காலை பத்து மணிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. செங்கோடன் நிசிவாணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். டைரக்டர் நரி ஜெயசீலன் முன்வரிசையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்த நிசிவாணன் கண்ணை மூடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, அம்மா, ஒரு உண்மையச் சொல்லிடறேன். இவ்வளவு நாளா நான் நாவலைப் படிக்கலை. போன வாரம்தான் படிச்சேன். அறுபத்துநாலு பக்கத்துக்கு மேல நாவலே இல்லைங்க! ஒரே ஃபாரத்தை முப்பத்தஞ்சு தடவை வெச்சுத் தைச்சிருக்காங்க. ஆறாவது கேள்வி என்னன்னு எனக்குத் தெரியாது. உங்கள்ல யார்கிட்டயாவது கரடியார் தன் கையால தைச்ச பத்துப் பிரதியில ஒண்ணு இருந்தா, கால்ல விழறேன், ஒரே ஒரு நாள் கொடுங்க."

பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். முதலில் எழுந்தவர் மயில் பூங்கோதை.

"இதை இப்பதான் கவனிச்சீங்களா?"

நிசிவாணன் திருதிருவென்று விழித்தார்.

"திரும்பத் திரும்ப வர்றதுதானே சார் அந்த நாவலோட உத்தியே! கொக்கு ஒரு தடவை உட்கார்ந்தா அது சம்பவம். முப்பத்தஞ்சு தடவை உட்கார்ந்தா அது தரிசனம். இதுகூடத் தெரியாமலா பதினோரு வருஷம் தலைமை தாங்கினீங்க?"

"நான் முதல் வாசிப்புலயே புரிஞ்சுக்கிட்டேன்" என்றது காட்டெருமை.

"எனக்கு இருபத்தெட்டாவது கொக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றது ஒரு குரங்கு.

"எனக்கு முப்பது" என்றது இன்னொன்று. கைதட்டல் எழுந்தது. டைரக்டர் ஜெயசீலன் வாலைச் சுருட்டிக்கொண்டு ஆபரேட்டர் அறைக்கு ஓடினார். அவர் வைத்திருந்த உச்சக்கட்டத்தில் கட்டை பதினாறு முதலைகளோடு சண்டை போடும். அதை எடுத்துவிட்டுப் பாலத்தடிக் காட்சியையே கடைசிவரை திருப்பித் திருப்பி ஓட்டச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஓடிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை, முதலில் எழுந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். விளக்கு போட்டதும், "நாவலுக்கு நியாயம் பண்ணிட்டாரு. ஆனா நாவல் நாவல்தான்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

செங்கோடன் நிசிவாணனிடம் சங்கடமாக வந்தார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று பொன்னாடையை உருவி, ஓடிப்போய் டைரக்டருக்குப் போர்த்தினார். அடுத்த மாதக் கூட்டத்தில் நிசிவாணனுக்குப் பெஞ்சின் கோடியில் இடம். வளர்ந்து வரும் இளம் வாசகர் என்று அறிமுகம் செய்து வைத்தார்கள். கட்டை கடைசியில் என்னதான் கேட்டிருக்கும் என்று அவர் இரண்டு தடவை வாயெடுத்தார். பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு, "அதைச் சொல்லக் கூடாது குப்பா, அடையணும்" என்றார்.

நீதி: ஊரே படிக்காத புத்தகத்தை நீ மட்டும் படித்துவிடாதே, அதைப் படிக்காதவன் நீ ஒருவன்தான் என்று ஆகிவிடும்.