பூரி அண்ணன் கொடுத்த பலகாரம்

பலகாரம் கொடுத்தே பகை சம்பாதிக்க முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்த ஒரே மனிதர், திருக்கோகர்ணத்தில் எங்கள் காம்பவுண்டின் மூன்றாம் நம்பர் வீட்டில் இருக்கும் பூரி அண்ணன்தான்.

இஸ்ரேலில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே யூதர்கள் பூரிம் என்ற பண்டிகையன்று, வீட்டில் செய்த தின்பண்டங்களை அக்கம்பக்கத்துக்கு அனுப்புவார்களாம். வந்த வருஷமே, "நாளைக்கு பூரிம், எல்லாருக்கும் உண்டு" என்று அறிவித்தார். மறுநாள் காலை காம்பவுண்டில் ஒருவர் வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கவில்லை. தொட்டுக்கொள்ளக் கிழங்கா குருமாவா என்று விவாதமே நடந்தது. பதினோரு மணிக்கு வந்தது ஒரு முக்கோண பிஸ்கட்டும் ஒரு வாழைப்பழமும். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

கோதுமை மாவில் பேரீச்சம்பழத்தை வைத்து, மூன்று பக்கமும் மடித்து, குக்கரில் உப்பைக் கொட்டி அதன் சூட்டில் வேகவைத்த பிஸ்கட் அது. "ஹாமான்னு ஒரு கெட்ட மந்திரி இருந்தான். இது அவன் காது" என்று விளக்கினார். ஒரு காதைக் கடித்த மாடி வீட்டு வாத்தியார், இரண்டு நாள் வாயின் வலது பக்கத்தால் மட்டும் பாடம் நடத்தினார்.

காதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சட்டங்கள்தான் என் உயிரை எடுத்தன. இரண்டு பண்டமாவது இருக்க வேண்டும். வாங்குபவர் அப்படியே வாயில் போடுகிற மாதிரி இருக்க வேண்டும். கொடுப்பவர் நேரில் போகாமல் ஆள் விட்டு அனுப்புவது விசேஷம். அந்த ஆள் நான்.

"நான் எதுக்குண்ணே?"

"நீ போஸ்ட் ஆபீஸ்லதானம்மா இருக்க."

"கவுன்ட்டர்ல ஸ்டாம்ப் விக்கிறேண்ணே."

"எல்லாம் ஒரே டிபார்ட்மென்ட்தான."

வருஷா வருஷம் தட்டோடு ஒன்பது வீடு ஏறி இறங்குவேன். அவர் தன் வாசலில் நின்று, "இங்கிட்டு இல்லம்மா, அங்கிட்டு மொதல்ல போ" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வழிகாட்டுவார். அதற்கு அவரே போயிருக்கலாம்.

போன வருஷம்தான் வினை. கடைசி வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் முத்துலெட்சுமி அக்கா, வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்று நாலு கத்திரிக்காய் வைத்து அனுப்பினார். அண்ணன் பார்த்தார்.

"இத அப்படியே திங்க முடியுமா? சட்டப்படி சேராதும்மா. திருப்பிக் கொடுத்துட்டு வா."

கொடுத்தேன்.

"நாங்க கொடுத்தா அவருக்கு எளக்காரமா?" என்றார் அக்கா. "இனிமே அவரு தட்டு என் வாசலுக்கு வரக் கூடாது. நீயும் அதத் தூக்கிக்கிட்டு வராத." என் தங்கை கல்யாணத்துக்கு எனக்கு அவர் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டையும் மடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு கை இன்னும் வைக்கவில்லை.

நேரே அண்ணனிடம் போய் நின்றேன். "ஒங்க சட்டத்த நீங்களே வச்சுக்கங்க. யாரு கேட்டா இந்தப் பலகாரத்த?"

அவர் குக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"அங்க போன மொத வருஷம் பாஷை தெரியாதும்மா. பெரியவரத் தவிர ஒரு மனுசன் எங்கிட்ட பேசுனதில்ல. பூரிம் அன்னைக்கு எதிர் வீட்டம்மா மக கிட்ட தட்டு கொடுத்து விட்டுச்சு. பெரியவருக்குன்னு வாங்கி உள்ள வச்சேன். அந்தப் பொண்ணு போகாம நிக்குது. கையில இன்னொரு தட்டு. அதுல ஏம் பேரு எழுதியிருந்துச்சு, தப்பும் தவறுமா."

அவர் எழுந்து, ஆள் யாரையும் விடாமல் தானே கடைசி வீட்டுக்கு நடந்தார். ஒற்றைக் கை ஜாக்கெட்டோடு நானும் பின்னால் போனேன்.

அக்கா கதவைத் திறந்தார். அண்ணன் ஜன்னலோரம் கிடந்த கத்திரிக்காயில் ஒன்றை எடுத்து, சட்டையில் துடைத்து, பச்சையாகக் கடித்தார். முகம் கோணாமல் மென்று விழுங்கினார்.

"திங்கலாங்க. நாந்தான் தெரியாம சொல்லிட்டேன்."

"அட, துப்புங்கண்ணே" என்றார் அக்கா. "உள்ள வந்து உக்காருங்க, வதக்கித் தாரேன்." சிரிப்பை அடக்கிக்கொண்டே என் கையிலிருந்த ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

அதன் பிறகு சட்டம் தளர்ந்ததா என்றால், இல்லை. இந்த வருஷம் ஒன்பது வீடு பன்னிரண்டாகியிருக்கிறது. காதும் அதே கெட்டிதான். பண்டிகை வேலை நாளில் வருகிறது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது எரிச்சலாகத்தான் பதில் சொன்னேன். நான் லீவு எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆயிற்று என்பதை மட்டும் சொல்லவில்லை.