ஓரடி குறைத்தால் என்ன மிச்சம்?

வீடு கட்டியவர், கட்டாதவர் என்று மனிதரில் இரண்டே ரகம்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: 'நானே நின்று கட்டுகிறேன்' ரகம். ஒப்பந்தக்காரரிடம் விட்டால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார் என்று பயந்து, அந்த வேலையைத் தானே தன் தலையில் செய்துகொள்ளக் கிளம்பியவர் இவர். குடையைப் பிடித்துக்கொண்டு இவர் நிற்பார், மேஸ்திரி கட்டுவார். ஆக, 'நின்று' என்பதில் பொய்யில்லை.

அஸ்திவாரம் வரைக்கும் இவர் நம்மைப் போலத்தான். சுவர் எழும்பும்போதும் பெரிய சேதமில்லை. கூரைப் பேச்சு வந்ததும்தான் பித்தம் தலைக்கேறுகிறது. அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் மனிதர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் மோட்டுவளையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மகனிடம், "இது ஜிப்சமா, வெறும் பூச்சா? சதுர அடிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன, என் சகலைதான்!

சகலையின் மனைவி, அதாவது என் மச்சினி, வீட்டைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்று. கட்டிலில் ஏறி நின்றால் தலை இடிக்கும் வாடகை வீட்டில், பிள்ளைகள் ஆளாகும்வரை குடித்தனம் நடத்தியவள் அவள். "எனக்கு மார்பிள் வேணாம், மாடி வேணாம். கூரை மட்டும் நல்லா உசரமா இருக்கட்டும். மூச்சு விடணுங்க" என்றாள்.

"அவ்வளவுதானே!" என்றார் சகலை. இந்த ரகத்தின் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தால் உஷாராகிவிடுங்கள்.

வரைபடத்தில் உயரம் பதினோரு அடி. மனிதர் பென்சிலை எடுத்தார். "கேளுங்க சகலை! செவுத்துல ஓரடி குறைச்சா செங்கல் மிச்சம், சிமெண்ட் மிச்சம், பெயிண்ட் மிச்சம், சாரத்துக்குக் கூலி மிச்சம்!" கூரை பத்தடிக்கு இறங்கியது. மிச்சமான பணம் சும்மா கிடக்கலாமா? கிடந்தால் அதற்குப் பெயர் பணமா? ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் என்று முடிவானது: நடுவில் வட்டம், வட்டத்துக்குள் விளக்கு, ஓரமெல்லாம் அடுக்கடுக்காகப் படிகள். அது தொங்குவதற்கு ஓரடி. அதன் செலவு கையை மீறிப் போகவே, ஈடுகட்டப் படுக்கையறைச் சுவரில் இன்னும் ஓரடியை வெட்டினார். அதிலும் கொஞ்சம் மிஞ்சித் தொலைத்தது. என்ன செய்தார்? படுக்கையறைக்கும் ஃபால்ஸ் சீலிங்!

"சார், இதுக்குக் கீழ ஃபேன் வேற மாட்டணுமே" என்றார் மேஸ்திரி.

"மாட்டுங்க."

"கை தட்டும் சார்."

"படுக்கிற ரூம்ல யாருய்யா கையைத் தூக்கப் போறாங்க?"

"உங்க இஷ்டம் சார்" என்று மேஸ்திரி ஏணியைத் தேடப் போய்விட்டார். இப்படி எத்தனையோ சார்களைப் பார்த்தவர் அவர்.

குடிபோன அன்று வந்தவர்கள் எல்லாரும் சீலிங்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். கழுத்து யாருக்கும் வலித்திருக்காது. கூரையே பாதி வழி இறங்கி வந்து அவர்களை வரவேற்றது. கூட்டம் கலைந்ததும் என் மச்சினி படுக்கையறைக்குள் போனாள். புது விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து, எல்லாரும் செய்வதுபோல ஒரு உதறு உதறினாள். ஓடிக்கொண்டிருந்த ஃபேன் அதை 'டர்ர்' என்று பிடுங்கிக்கொண்டது. நல்லவேளை, கை தப்பியது.

சத்தம் கேட்டு ஓடிய என்னையும் முந்திக்கொண்டு சகலை விழுந்தடித்து ஓடி வந்தார். "ஐயையோ! சீலிங்குக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் கத்தவில்லை. மெத்தை மேல் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணே ஒண்ணுதாங்க கேட்டேன்" என்றாள். சகலைக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் மனிதர் நிஜமாகவே நொந்துபோய் நின்றார், கண்கூடக் கலங்கியிருந்தது. கூரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"இதுக்குப் போய் ஏன் கலங்குற? தரையை ஓரடி தோண்டிட்டாப் போச்சு! தோண்டுற மண்ணு வாசலுக்கு ஆகும், அதுவும் மிச்சம்!"

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். தோண்டலாம் என்று அவர் சொன்ன மாத்திரத்தில், அதற்கு என்ன கூலி ஆகும் என்று உங்கள் மனசுக்குள்ளும் ஒரு கணக்கு ஓடியதா, இல்லையா? ஓடியிருந்தால் இதை மூடி வைத்துவிட்டு உள்ளே போங்கள். வீடு கட்டும்போது உங்கள் வீட்டுக்காரம்மா என்ன கேட்டார் என்று அவரிடமே விசாரித்துவிட்டு வாருங்கள். உங்களுக்குத்தான் மறந்திருக்கும்.