ஏழாம் நம்பர் சூடு

பெங்களூர் கன்டோன்மென்ட் முழுவதிலும் பொய் சொல்லத் தெரியாமல் இருந்த ஒரே மனிதரைப் பொய்யராக்கி அனுப்பியவன் நான். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து அதைச் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரும் வேடிக்கைகளைப் படித்துவிட்டு என்னையும் நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எங்களுக்கு அவர் டொக்டொக் ஐயா. யுத்த காலத்தில், கால் இழந்த சிப்பாய்களுக்குக் கக்கத்துக் கட்டை செய்யும் பட்டறையில் மரம் சோதிப்பவர். செய்து முடித்த கட்டையை எடுத்து நடுவிரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். மரம் 'டங்' என்றால் பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோலால் தன் பட்டறை நம்பரான 7-ஐ அடையாளமாகப் போடுவார். 'பொத்' என்றால் உள்ளே உளுத்திருக்கிறது என்று அர்த்தம், மூலையில் வீசிவிடுவார். அந்த ஏழு இல்லாமல் எந்தக் கட்டையும் பட்டறை வாசலைத் தாண்டாது.

பட்டறையோடு நிறுத்திக்கொண்டாரா? பூசணிக்காயைத் தட்டினார். தண்ணீர்ப் பானையைத் தட்டினார். வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டுச் சுவரைத் தட்டினார், அது விழுந்தது. தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முதுகில் தட்டி, "மார்ல சளி கட்டியிருக்கு. மொதல்ல வைத்தியரைப் பாத்துட்டு வாங்க, காபி எங்கயும் போயிடாது" என்றார். கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டியைக்கூடத் தட்டாமல் இறக்க விடமாட்டார். "நியாயத்தீர்ப்பு நாள்ல கடைசி எக்காளம் ஊதுற வரைக்கும் தாங்கணுமில்ல?" என்பார். அடிப்பலகை ஆடினால், ஆணி அடித்து முடிக்கும்வரை போதகரே காத்து நிற்க வேண்டும்.

உண்மை பேசுவதிலும் அதே முரட்டுத்தனம். ஒருமுறை லீவுக்கு எழுதிக் கொடுத்தார்: "உடம்புக்கு ஒன்றுமில்லை. வர மனமில்லை." எங்கள் சூப்பிரண்டு, மல்லேஸ்வரத்துக்காரர், அந்தக் காகிதத்தை மூன்று நாள் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார். பிரசங்கம் எப்படி இருந்தது என்று போதகர் வாய்தவறிக் கேட்டபோது, "நடுவுல தூங்கிட்டேன் ஐயா. கடைசி நல்லா இருந்தது, முடிஞ்சிடுச்சில்ல" என்றார்.

நானும் அவருடைய சர்ச்சுதான்; நாங்கள் கோயில் என்போம். பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். இன்டர்மீடியட் முடித்து வேலையின்றி இருந்தபோது, பட்டறையில் ரைட்டர் வேலைக்கு எனக்காகப் பேசியவர் அவர்தான். "பையன் எப்படி?" என்று சூப்பிரண்டு கேட்டார். "எழுத்து சுத்தம். பையன் நல்லவன். ஆனா பயந்தவன்" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னையும் அவர் தட்டிப் பார்த்திருக்கிறார் என்று அப்போது புரியவில்லை.

யுத்தம் முற்றியதும் பட்டறை ஞாயிற்றுக்கிழமையும் திறந்தது. டொக்டொக் ஐயா வரமாட்டேன் என்றார்.

"ஏன்யா, ஜப்பான்காரன் ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிறானா?" என்றார் சூப்பிரண்டு.

"அவனுக்கு அவன் பதில் சொல்லிக்குவான் சார். எனக்கு நான்தானே சொல்லணும்."

அவர் இல்லாத நாளில் சூட்டுக்கோல் என் அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி என்னிடம்.

ஒரு சனிக்கிழமை அறுபது கட்டைகள் 'பொத்' என்றன. ஏதோ ஒரு மரக்கடைக்காரர் உளுத்த மரத்துக்கு மெழுகும் மரத்தூளும் அடைத்து விற்றிருந்தார். அறுபதும் மூலைக்குப் போயின. மறுநாள் சூப்பிரண்டு என் மேஜைக்கு வந்தார். நாளைக்கு விடிகாலையிலேயே லாரி வரும் என்றார். எண்ணிக்கை குறைந்தால் தன் தலை போகும் என்றார். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு தன் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்றார். பிறகு என் அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் சாப்பிடப் போறேன்" என்று போய்விட்டார்.

அன்று காலையில்தான் நற்கருணை வாங்கியிருந்தேன். மதியம் அறுபது கட்டைகளுக்கும் 7 போட்டேன். பதிவேட்டில் சனிக்கிழமை தேதியிட்டு எழுதினேன்.

திங்கட்கிழமை டொக்டொக் ஐயா காலி மூலையைப் பார்த்தார். "அறுபதும் எங்கப்பா?"

"அடுப்புக்குப் போட்டாச்சு ஐயா."

"நல்லது" என்றார். நம்பிவிட்டார். கூட உட்கார்ந்து நற்கருணை வாங்குகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று நம்பியது அவர் செய்த ஒரே தவறு.

மூன்று வாரம் கழித்து, ராணுவ ஆஸ்பத்திரிப் படியில் ஒரு சிப்பாயின் கட்டை நடுவில் முறிந்தது. உருண்டு விழுந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு வயதாம். முறிந்த துண்டு பட்டறைக்கு வந்தது. அதில் 7 இருந்தது.

விசாரணைக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். மேஜைமேல் வேதப்புத்தகம். என்னை முதலில் கூப்பிட்டார்கள். அதைத் தொட்டுச் சத்தியம் செய்து, அறுபதுக்கும் சனிக்கிழமை அவரே சூடு போட்டார் என்றேன். குரல் பிசகவில்லை. பாடகர் குழுப் பழக்கம்.

அடுத்து அவர். புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்றார். சூப்பிரண்டு மொழிபெயர்த்தார். அதிகாரி புருவத்தைத் தூக்கினார்.

"நீ கிறிஸ்தவன்தானே? வேதத்தைத் தொட என்ன பயம்?"

"சத்தியம் பண்ணாதேன்னு அதுக்குள்ளதான் எழுதியிருக்கு சார்."

"சரி, இன்று உண்மை பேசுகிறேன் என்று வாயாலாவது சொல்."

"இன்னிக்குன்னு சொன்னா, நேத்து பேசினது என்ன சார்?"

அறையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார்.

"ரைட்டர்கிட்ட. ஆனா அவர் செஞ்சாருன்னு நான் சொல்லமாட்டேன். நான் பாக்கல. நான் போடலன்னு மட்டும் எனக்குத் தெரியும்."

சத்தியம் செய்தவனை நம்பினார்கள். செய்யாத அவரை அன்றே வேலையிலிருந்து அனுப்பினார்கள். கோயிலிலும் காணிக்கைத் தட்டு எடுக்கும் பொறுப்பு அவரிடமிருந்து போனது. பட்டறை ஆட்கள் அவரை வழியில் மறித்து, "டொக்டொக் ஐயா, உங்க நாக்கை ஒருவாட்டி தட்டிப் பாத்திருக்கலாமே?" என்றார்கள். எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

அதன் பிறகுதான் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது. தினமும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மூட்டைக் கட்டையோடு நிற்பார். காற்று வாங்க வெளியே வரும் சிப்பாயை மறித்து, அரைகுறை உருதுவில், "பாயி, லக்டி திகாவ்" என்று கட்டையைக் காட்டச் சொல்வார். வாங்கித் தட்டிப் பார்ப்பார். உளுத்ததாக இருந்தால் பிடுங்கிக்கொண்டு தன் மூட்டையிலிருந்து வேறொன்று கொடுப்பார். லிங்கராஜபுரத்து வீட்டில் தன் கட்டிலையும் கதவையும் அறுத்துச் செய்தவை அவை. காவலாளி "பாகல், பைத்தியம்" என்று விரட்டுவான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவார். நான் சைக்கிளை வேறு தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போவேன்.

ஒன்றரை வருஷம் ஓட்டினேன். யுத்தம் முடிந்தது. எனக்குப் பாட்டு நின்றுபோயிருந்தது; வாயைத் திறந்தால் கருகிய மரத்தின் வாடைதான் வந்தது. ஒரு ஞாயிறு பிற்பகல் லிங்கராஜபுரத்துக்குப் போனேன். கதவில்லாத வாசலில் சாக்குப்படுதா தொங்கியது.

"ஐயா, அந்தச் சூடு நான்தான் போட்டேன்."

"தெரியும். உக்காரு."

"எப்போ தெரியும்?"

"ஒடஞ்ச துண்டைப் பாத்த அன்னிக்கே. ஏழு ரெண்டு ரெண்டா விழுந்திருந்தது. உனக்குக் கை நடுங்கியிருக்கு. அதை வெச்சுத்தான் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சேன்."

"அப்புறம் ஏன் ஐயா சொல்லல?"

"நீ போட்டதை நான் பாக்கலையேப்பா."

நான் அழுதேன். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார்.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். மொத்தம் அறுபது. அந்தப் பிள்ளையோடதையும் சேத்து அம்பத்தொண்ணு தேறிச்சு. மீதி ஒம்போது எங்க அனுப்பின? யாருக்கு எது போச்சுங்கிற ரிஜிஸ்தர் உன்கிட்டதானே இருக்கு?"

அவர் ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தது என் மன்னிப்புக்கல்ல, அந்த விலாசங்களுக்கு. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே ஐயா?" என்றேன்.

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லியிருப்ப. அதையும் எதுக்கு உன் தலையில ஏத்தணும்?"

அடுத்த ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து டொக்டொக் ஐயாவின் குரல் வந்தது: "கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா, இங்க கேக்கல." மறுபடி முதலிலிருந்து சொன்னேன். எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் அன்று மாலையே ஆள் அனுப்பி, சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேலையை நானே விட்டேன். மேலிடத்துக்கு எழுதிய வாக்குமூலத்துக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: பட்டறை மூடப்பட்டுவிட்டது, அந்தக் கோப்பு இப்போது இல்லை, ஆகவே நடவடிக்கை எதுவும் தேவையில்லை. டொக்டொக் ஐயா காகிதத்தில் கடைசிவரை பொய்யராகவே இருந்தார். படியில் விழுந்தவன் எழுந்து வரவுமில்லை.

ஒன்பதைத் தேடி இருவரும் பஸ் ஏறினோம். ஒருவன் கை முறிந்து கிடந்தான். கட்டை எங்களை முந்திக்கொண்டது. அத்திபெலேயில் ஒருவர், "அதுவா? அவரைக்கொடிப் பந்தலுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். "பந்தல் மட்டும் விழலாமா?" என்று டொக்டொக் ஐயா அதையும் மாற்றினார். எட்டு கிடைத்தன. ஒன்று வடக்கே போய்விட்டது. எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. இன்றும் தெருவில் கக்கத்துக் கட்டையைக் கண்டால் தட்டிப் பார்க்க எனக்குக் கை பரபரக்கிறது.

பிறகு ஒரு பள்ளியில் வாத்தியார் வேலைக்குப் போனேன். என்னைப் பற்றி அவரிடம் விசாரித்தார்களாம். "பயந்தவன். ஒருதரம் பயப்படாம நின்னான். அதை நான் பாத்திருக்கேன்" என்றாராம்.

அவர் இறந்த அன்று நல்ல மழை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கப் போன நேரத்தில், "நிறுத்துங்க" என்று போய்த் தட்டினேன். அடிப்பலகை ஆடியது. தச்சனைக் கூப்பிட்டு ஆணி அடித்து முடிக்க அரை மணி ஆயிற்று. போதகர் முதல் குழி வெட்டியவர் வரை எல்லோரும் நனைந்தபடி என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருவர்தான் திட்டவில்லை.