இல்லாத நாட்டுக்கு ஒரு போர்க்கப்பல்

"அப்பா தெருமுனைக்கு வந்தாச்சாம். மொதல்ல அந்த விமானத்தையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க!" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

மாப்பிள்ளை சுவரிலிருந்து ஒரு போர்க்கப்பலை உரித்துக்கொண்டிருந்தான். ஒட்டிய டேப் விடமாட்டேன் என்றது. இழுத்த இழுப்பில் முக்கால் கப்பல் கையோடு வந்தது. கால் கப்பல் சுவரிலேயே நின்றுவிட்டது.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் மாமனார் வருகிறார் என்றால் அந்தப் பெயருக்கு வேலையில்லை. அதனால் நாமும் மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

மாப்பிள்ளைக்கு வேலை, குளியல் தொட்டியும் கைகழுவும் பேசினும் செய்கிற கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். வாரம் முழுக்கத் தொட்டி வரைவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மேசையில் வேறு தாளை விரிப்பான். அவன் மனசுக்குள் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுச் சரித்திரத்தில் பெட்ரோலை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. எல்லாம் நீராவிதான். கப்பல் நீராவியில் ஓடும், போர்விமானம் புகைபோக்கி வைத்துக்கொண்டு பறக்கும். விமானி ஒரு கையால் குண்டு போட்டு, மறு கையால் கரி அள்ளிப் போடுவான். இத்தனை படை இருந்தும் அந்த நாட்டில் ஒரு சிப்பாய்கூடச் செத்ததில்லை. சாகும்படி வரைய மாப்பிள்ளைக்கு மனசு வரவில்லை.

வம்பு, பெண் கேட்டுப் போன அன்றைக்கே ஆரம்பித்தது. "பையன் என்ன பண்றாரு?" என்று பெண்ணின் அப்பா கேட்க, கூட வந்த சித்தப்பா கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டுமே என்று, "போர்க்கப்பல், போர்விமானம் எல்லாம் டிசைன் பண்றான்" என்று சொல்லிவிட்டார். பொய் என்று சொல்ல முடியாது. எந்த நாட்டுக்கு என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அப்புறம் மனைவிக்கு உண்மை தெரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்பாவிடம் சொல்ல மட்டும் இருவருக்கும் வாய் வரவில்லை. அவரோ ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்து முடித்திருந்தார்.

இப்போது மச்சினிக்கு வரன் பார்த்தாகிவிட்டது. பையனுக்கும் அவளுக்கும் ஒருத்தரையொருத்தர் பிடித்துப்போய், ஃபோனும் கையுமாக இருக்கிறார்கள். பையனின் அப்பா கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் அவருக்குக் கமாண்டர் என்று தானே பட்டம் கொடுத்துவிட்டார். நிச்சயம் செய்யும் முன்னால் மூத்த மாப்பிள்ளை வீட்டை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று இன்றைக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"கடற்படைக்காரர்ங்க!" மனைவி கையைப் பிசைந்தாள். "ரெண்டு கேள்வி கேட்டார்னா உங்க சாயம் வெளுத்துடும். பொய் சொல்ற குடும்பம்னு எழுந்து போயிட்டா, தங்கச்சி என் முகத்துல முழிக்க மாட்டா."

"பேச்சை மாத்திடறேன். கப்பல் பக்கமே போகமாட்டேன்."

வாசல் மணி அடித்தது.

கமாண்டர் நல்ல உயரம். முதுகு பலகை மாதிரி நிமிர்ந்திருந்தது. மீசையை மட்டும் அடிக்கடி துடைத்துக்கொண்டார். அவருடைய மனைவி குள்ளமாக, சிரித்த முகமாக இருந்தாள். வந்ததும் வராததுமாகச் சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். மாமனார் முகத்தில் மட்டும் தானே கல்யாண மாப்பிள்ளை என்கிற களை.

"மாப்பிள்ளை, கமாண்டர் சார்கிட்ட உங்க கப்பலைக் காட்டுங்க."

"காபி சாப்பிடலாமே மாமா."

"காபி எங்க போகுது? கப்பலைக் காட்டுங்க."

"அது... ரகசியம் மாமா. வெளியாள் பார்க்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது. மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சார் வெளியாளா? படையிலயே இருந்தவரு! இவருக்கு இல்லாத ரகசியமா?"

"பரவால்ல, வேணாம், வேணாம்" என்று கமாண்டர் இரண்டு கையையும் ஆட்டினார். அந்தப் பெருந்தன்மை மாப்பிள்ளையை இன்னும் கலக்கியது. அதற்குள் மாமனார் சுவரில் நின்ற கால் கப்பலைப் பார்த்துவிட்டார். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து முக்கால் கப்பலையும் இழுத்து, இரண்டையும் ஒட்டவைத்துப் பிடித்தார்.

"பாருங்க சார்! எங்க மாப்பிள்ளை!"

கமாண்டர் குனிந்து பார்த்தார். புகைபோக்கி முதல் சுக்கான் வரை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். கடைசியில் முன்தளத்தில் விரலை வைத்து, மெதுவாகக் கேட்டார்:

"இங்க ஒரு முப்பது பேர் வரிசையா நிக்க முடியுமா?"

எதிரிக் கப்பலில் தாவி ஏறப்போகும் வீரர்களைப் பற்றிக் கேட்கிறார் என்று மாப்பிள்ளை எடுத்துக்கொண்டான். இது அவனுக்குத் தோன்றவே இல்லையே! அங்கே பெரிய பீரங்கி அல்லவா உட்கார்ந்திருக்கிறது?

"முடியும் சார்" என்று பென்சிலை எடுத்து, அதன் முனையிலிருந்த ரப்பரால் பீரங்கியை அழித்தே விட்டான்.

"பார்த்தீங்களா!" மாமனார் துள்ளினார். "நின்ன நிலையில பீரங்கியைத் தூக்கிட்டாரு!"

"காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?" என்றார் கமாண்டர்.

"இடது பக்கம் சார். இல்ல, வலது பக்கம்."

"ம்." அவர் தலையாட்டினார். "பீரங்கி சுட்டா, பக்கத்துல நிக்கிறவங்களுக்கு வேற சத்தம் ஏதாவது காதுல விழுமா?"

'அப்பா, எப்பேர்ப்பட்ட அனுபவம்' என்று மாப்பிள்ளை நினைத்தான். போரின் நடுவே கட்டளை காதில் விழவேண்டும் என்கிறார். மிச்சமிருந்த இரண்டு பீரங்கிகளையும் அழித்தான். இப்போது அந்தப் போர்க்கப்பலில் போருக்கு ஒன்றும் பாக்கியில்லை. உல்லாசப் படகு மாதிரி நின்றது.

அப்போதுதான் மாமனார் கொடியைப் பார்த்தார். நீலத் துணி, நடுவில் ஆவி பறக்கும் ஒரு கெட்டில்.

"மாப்பிள்ளை... இது நம்ம கொடி இல்லையே."

மாமனார் அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்து, காதோரம் குசுகுசுத்தார்: "எதிரி நாட்டுக்கா வேலை பார்க்கறீங்க? பொண்ணைக் கொடுத்திருக்கேன்யா!"

"ஐயோ, இல்ல மாமா! எதிரியை ஏமாத்தத்தான். இப்படி ஒரு நாடு எங்க இருக்குன்னு அவன் உலகப்படத்தை வச்சுக்கிட்டுத் தேடிக்கிட்டே இருப்பான். நாம அதுக்குள்ள வேலையை முடிச்சிடுவோம்."

மாமனாரின் கண் கலங்கிவிட்டது. "என்ன மூளை! என்ன மூளை! இந்தக் கப்பல் கட்டற இடத்தை இப்பவே பார்க்கணும்."

"ஞாயித்துக்கிழமை, லீவு..."

"லீவு நாள்தான் தோது. கூட்டம் இருக்காது."

மனைவி சமையலறை வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கமாண்டரின் மனைவி அவளைப் பார்த்து, "நாமளும் போவோம்மா, எனக்குந்தான் இங்க இருப்புக் கொள்ளல" என்றாள்.

கம்பெனி வாசலில் பெரிய போர்டு. ஒரு குண்டுக் குழந்தை தொட்டியில் உட்கார்ந்து நுரையை ஊதிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தான்.

"ஆகா!" என்றார் மாமனார். "வெளியில பார்த்தா யாருக்காவது சந்தேகம் வருமா சொல்லுங்க!"

காவலாளி கதவைத் திறந்து, "என்ன சார், லீவு நாள்லயும் தொட்டி ஞாபகமா?" என்றான்.

"இவனுக்கும் பயிற்சி கொடுத்திருக்காங்க" என்று மாமனார் கமாண்டரிடம் மெச்சினார்.

உள்ளே நீளமான கொட்டகை. பீங்கான் தூளும் பெயிண்டும் கலந்த வாசனை. வரிசை வரிசையாக வெள்ளை எனாமல் பூசிய இரும்புத் தொட்டிகள்.

"இதெல்லாம்...?"

"மாதிரி மாமா" என்று மாப்பிள்ளையின் வாய் தானாகச் சொன்னது. "கப்பலோட அடிப்பாகம். சின்ன அளவுல செஞ்சு, தண்ணியில விட்டுப் பார்ப்போம்."

கமாண்டர் ஒரு தொட்டியின் பக்கத்தில் போனார். விரல் முட்டியால் தட்டினார். ணங் என்றது. காதைத் தாழ்த்திக் கேட்டார். அடுத்த தொட்டியைத் தட்டினார். அதற்கடுத்தது. நாலாவது தொட்டியில் இரண்டு தட்டு கூடவே தட்டி, கண்ணை மூடித் தலையசைத்தார். இரும்பின் கனத்தைக் காதாலேயே அளக்கிறார் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. இந்த மனுஷரிடமா நாம் கதை விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

இதற்குள் மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே பெரிய தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். கால்கள் இரண்டும் வெளியே தொங்கின.

"போர்க்கப்பல்லயே உட்கார்ந்துட்டேன்! ஒரு போட்டோ எடும்மா!" என்று மகளிடம் சொன்னவர், சட்டென்று கீழே கையை விட்டுத் துழாவினார். "மாப்பிள்ளை, இங்க என்ன ஓட்டை?"

மாப்பிள்ளை பக்கத்துத் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கப்பல்ல ஓட்டையா?"

"தண்ணி... வெளிய போறதுக்கு மாமா."

"தண்ணி வெளிய போற வழியா உள்ள வராதா?"

கமாண்டர் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு மச்சினியின் முகம் கண்முன் வந்தது. இன்னொரு பொய்க்கு வாயைத் திறந்தான், வரவில்லை. கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது.

"மாமா, இது குளிக்கிற தொட்டி."

"என்னது?"

"நான் தொட்டி வரையற டிராஃப்ட்ஸ்மேன். கப்பல் எல்லாம் பொழுதுபோக்குக்கு வரையறது."

"அப்போ அந்தக் கப்பல்?"

"இல்ல மாமா."

"விமானம்?"

"அதுவும் இல்ல."

"அந்தக் கொடி போட்ட நாடு?"

"நாடே இல்ல மாமா."

மாமனார் எழுந்திருக்கப் பார்த்தார். தொட்டி வழுக்கி மறுபடி உட்காரவைத்தது. மாப்பிள்ளை கமாண்டரின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றான்.

"சார், தப்பு என்னோடது. மாமா தெரிஞ்சு சொல்லல. மச்சினி தங்கமான பொண்ணு சார். என் மேல இருக்கிற கோபத்தை அவ மேல காட்டிடாதீங்க."

கமாண்டர் அவனையே பார்த்தார். பலகை மாதிரி நிமிர்ந்திருந்த முதுகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. மார்பிலிருந்து ஒரு பெருமூச்சு, பெரிய மூட்டையை இறக்கி வைத்ததுபோல் வந்தது.

"அப்பாடா!" என்றார். அவன் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "நிசமாவே கப்பல் வேலை இல்லையே? சத்தியமா இல்லையே?"

"சத்தியமா இல்ல சார்."

"ரொம்ப சந்தோஷம் தம்பி! ரொம்ப ரொம்ப சந்தோஷம்! சம்பந்தி, நிச்சயத்துக்கு நாள் பாருங்க. சீக்கிரமாவே பாருங்க!"

"நாள் அப்புறம் பார்க்கலாம்" என்று தொட்டிக்குள்ளிருந்து மாமனார் குரல் கேட்டது. "மொதல்ல என்னைத் தூக்கி விடுங்கய்யா!"

கமாண்டரும் மாப்பிள்ளையும் அவன் மனைவியும் காவலாளியும் சேர்ந்து அவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வெளியே வந்த மாமனார் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "இதையும் நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு நெஞ்சில் உட்கார்ந்திருந்த யானை எழுந்து போன மாதிரி இருந்தது. மனைவி மூலையில் நின்று தங்கைக்கு ஃபோன் போட்டு, அழுகையும் சிரிப்புமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

கமாண்டர் மறுபடியும் தொட்டிகளிடம் போய்விட்டார். இந்த முறை பயமில்லாமல், இரண்டு கையாலும், இங்கொன்றும் அங்கொன்றுமாக விளையாட்டுப்போலத் தட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் மாப்பிள்ளைக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற கமாண்டரின் மனைவியிடம் மெதுவாகக் கேட்டான்: "அம்மா, கோபப்படுவாருன்னு நினைச்சேன். சாருக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?"

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "கப்பல் செய்யற மாப்பிள்ளை எதையாவது கேட்டுடுவீங்களோன்னு ஒரு வாரமா சோறு இறங்கல தம்பி, கமாண்டர்ங்கிறது உங்க மாமனார் வச்ச பேரு, இவரு கடற்படை பேண்டுல டிரம் அடிச்சவரு, கப்பலைக் கரையில நின்னுதான் பார்த்திருக்காரு!"