இன்னாசியின் புள்ளிவிவரமும் மேரியின் சம்மதமும்

ஈஸ்டர் வரை நீளும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றியில் வாங்கிய சாம்பலோடு கோயில் படியிறங்கும்போதே இன்னாசி தீர்மானித்துவிட்டார். இனிமேல் பெண்டாட்டியிடம் எதைக் கேட்பதானாலும் விஞ்ஞான முறைப்படிதான் கேட்பது.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ராயபுரம் வீட்டைக் காலி செய்துவிட்டு மணலி புதுநகருக்குக் குடிபோகலாமா? இன்னாசிக்கு மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. போகவர டிரெய்லர் லாரிகளின் முதுகைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தால் மனைவி முதுகிலும் நம்பர் பிளேட்டைத் தேடும் நிலைமைக்கு வந்திருந்தார். கூட வேலை பார்க்கும் திருமுருகன், புதுநகரில் தன் வீட்டு மாடியை வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். "ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் பதில் சொல்லிடு மாமு. அதுக்குமேல தாங்காது, ஆளுங்க வந்துகினே கீறாங்க."

சிக்கல், மனைவி அடைக்கலமேரி. கோயில் பாடகர் குழு, காசிமேட்டு மீன், எதிர்வீட்டு உமைமா என்று அவளுடைய உலகம் முழுக்க நடை தூரத்தில் இருந்தது. அவள் ஒருமுறை "முடியாது" என்றால் அதற்கு அப்பீல் கிடையாது. என்றோ ஒருநாள் மீன்தொட்டிக்கு முடியாது என்றாள். அந்தத் தொட்டி இன்றுவரை பரண்மேல் வெங்காயம் வளர்க்கிறது.

ஆகவே கேட்பது ஒரே தடவை. அவள் சரி சொல்லக்கூடிய நாளாகப் பார்த்து. அந்த நாளைக் கண்டுபிடிக்கத்தான் ஆர்.

ஆர் என்பது ஒற்றை எழுத்தில் பெயர் வைத்த கணினிமொழி. புள்ளிவிவரம், டேட்டா சயின்ஸ், ஏஐ எல்லாவற்றுக்கும் ஆகும் என்று யார்டு ஆபீசில் எல்லோரையும் கற்கச் சொல்லியிருந்தார்கள். "பழைய வெவரத்த உள்ள போடு. நாளைக்கு இன்னா நடக்கும்னு அதுவே சொல்லிடும்" என்றார் திருமுருகன், இன்னாசியைவிட இரண்டு பாடம் முன்னால் இருந்த தைரியத்தில்.

வீட்டுக்கு வந்ததும் மேரி கேட்டாள். "இன்னாங்க, தவக்காலத்துக்கு ஆண்டவருக்காக எத வுடப்போறீங்க?"

"வுடல. ஒண்ணு கத்துக்கப் போறேன். நீ எத வுடற?"

"அது ஆண்டவருக்குத் தெரிஞ்சா போதும். வெளிய சொன்னா அது ஒறுத்தல் இல்ல, வெளம்பரம்."

அன்றே ஆராய்ச்சி தொடங்கியது. தினமும் மேரியிடம் ஒரு சின்னக் கோரிக்கை. அவள் பதிலைக் கணினியில் ஒரு வரிசையாக ஏற்றுவது. பக்கத்தில் பத்தி பத்தியாக அன்றைய நிலவரம்: என்ன குழம்பு, தண்ணி லாரி வந்ததா, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை இந்தப் பக்கம் வீசியதா, தவக்காலமா.

ஆரோடு குடித்தனம் நடத்துவது லேசாக இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் சிவப்பு எழுத்தில் கத்தியது. ஒன்றுமே நடக்காதபோது சாந்தமாக இருந்தது. ஒருநாள் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டார். அது ஒரு கூட்டல் குறியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. அவரும் காத்திருந்தார். யார் முதலில் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மேரி டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா, அதுவும் ஒங்ககிட்ட பேச்ச நிறுத்திடுச்சா?"

ஆனால் டேட்டா அமோகமாக இருந்தது. சீரியல் நேரத்தில் ரிமோட் கேட்டார், சரி. சோபாவில் உட்கார்ந்து நகம் வெட்டலாமா என்றார், சரி. அக்கா வியாகுலம்மாள் வந்து ஒரு வாரம் தங்கட்டுமா என்றார். மேரி பல்லைக் கடித்தாள். பிறகு சரி என்றாள். பல்லுக்குத் தனியாகப் பத்தி இல்லாததால் இன்னாசி அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் குழப்பம். 'தவக்காலமா' என்ற பத்திக்கு நேராக ஆர் எண்ணே தராமல் 'என்ஏ', அதாவது விவரம் இல்லை, என்று போட்டது.

"எல்லா வரிசையிலயும் ஒரே பதிலா இருந்தா அந்தப் பத்தியால பிரயோசனமே இல்ல மாமு. தூக்கிப் போடு" என்றார் திருமுருகன்.

இன்னாசி தூக்கிப் போட்டார். மேரியின் பதில் பத்தியிலும்தான் எல்லா வரிசையிலும் 'சரி' என்றே இருந்தது. அதையும் தூக்க வேண்டுமோ என்று சற்றுநேரம் குழம்பினார். பதிலையே தூக்கிவிட்டால் அப்புறம் கேள்வி எதற்கு என்று விட்டுவிட்டார்.

பிறகு கணக்கை ஓட்டிப் பார்த்தார். மேரி சம்மதிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நூறு. கூடவே சிவப்பில் ஓர் எச்சரிக்கை. வாழ்த்தாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே கேட்டுவிடலாம் என்று தொண்டையைச் செருமினார். உமைமா கொடுத்தனுப்பிய, கறி போடாத நோன்புக் கஞ்சியை மேரி கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொட்டில அப்டி இன்னாதான் பாத்துகினு கீறீங்க?"

"ஆபீஸ் வேல. ஒரு கஸ்டமரு எப்ப கேட்டா சரி சொல்லுவாங்கன்னு கண்டுபுடிக்கணும்."

"கஸ்டமரு பொம்பளையா?"

"அ... ஆமா."

"எவ்ளோ நாளு டேட்டா கீது?"

"மூணு வாரத்துக்கு கீது."

"பத்தாதுங்க. உமைமா பொண்ணு இதத்தான் படிக்குது. நெறைய டேட்டா போட்டாத்தான் ஏஐ உருப்படியா சொல்லுமாம். ஈஸ்டர் வரைக்கும் சேத்துக்கோங்க. அவசரப்பட்டுக் கேட்டு, அந்தம்மா முடியாதுன்னுட்டா இன்னா பண்ணுவீங்க?"

இன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் ஒரு விஞ்ஞானியோடு குடும்பம் நடத்தியிருக்கிறோம், தெரியாமல் போய்விட்டதே. ஈஸ்டர் வரை சேர்த்தார். அத்தனையும் சரி.

ஈஸ்டர் மதியம், மட்டன் பிரியாணி. இன்னாசி காலையில் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தார். நூற்றுக்கு நூறு.

"மேரி, மணலி புதுநகருக்கு வூடு மாத்திகினு போலாமா?"

"முடியாது" என்றாள் மேரி, எலும்பிலிருந்து தலையைத் தூக்காமல். "இன்னொரு பீஸ் வெக்கட்டா?"

இன்னாசி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். "நேத்து வரிக்கும் எது கேட்டாலும் சரி சரின்னியே."

"நேத்து வரிக்கும் தவக்காலம். இந்தத் தடவ நான் எத வுட்டேன்னு கேட்டீங்கல்ல? 'முடியாது'ன்ற வார்த்தையத்தான். வூட்டுக்காரர் எது கேட்டாலும் மறுக்க மாட்டேன்னு ஆண்டவருகிட்ட சொல்லிட்டேன்."

தூக்கிப்போட்ட அந்த 'தவக்காலமா' பத்தி இன்னாசியின் கண்முன்னால் வந்து நின்றது.

"அப்ப... நடுவுல எப்பனா கேட்டிருந்தா?"

"பேசாம சாமானக் கட்டிகினு வந்திருப்பேன். வேற வழி? மாடிக்கு எப்பக்கா வரீங்கன்னு திருமுருகன் சம்சாரம் ஷிஜி போன் பண்ணுச்சே, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க வாயத் தொறக்கும்போதெல்லாம் மணலியத்தான் கேக்கப்போறீங்கன்னு நெனப்பேன். நல்லவேளை, ரிமோட்டு கேட்டீங்க."

இன்னாசி பிரியாணியை அளைந்தபடி யோசித்தார். டேட்டா தப்பில்லை, கணக்கும் தப்பில்லை, கேட்ட நாள்தான் தப்பு. திருமுருகனிடம் எப்படியாவது கெஞ்சி, மாடிக்குக் குடிவருகிற ஆளை ஒரு வருடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். முகம் மெல்லத் தெளிந்தது.

"பரவால்ல மேரி. அடுத்த வருசமும் தவக்காலம் வருமில்ல?"

"வரட்டுமே" என்று இன்னொரு பீஸை அவர் தட்டில் வைத்தாள் மேரி. "அடுத்த வருசம் நான் காப்பியத்தான் வுடப்போறேன்."