கட்டை அகற்றும் பேரவை

ஒரு காட்டில் என்று தொடங்கினால் பக்கத்துக் காடு கோபித்துக்கொள்ளும். அதனால் இரண்டு காடுகள் என்றே வைத்துக்கொள்வோம். மேற்குக் காட்டுக்கும் கிழக்குக் காட்டுக்கும் நடுவே ஓர் ஆறு. ஒருநாள் ஒரு பெரிய மருத மரம் ஆற்றின் குறுக்கே விழுந்தது. சருகும் சேறும் வந்து அடைத்துக்கொள்ள, தண்ணீர் நின்றுபோனது.

கீழே ஒரு குட்டையில் தங்கப்பூ என்ற தவளை தன் தலைப்பிரட்டைகளோடு குடியிருந்தாள். குட்டை வற்றத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை. தண்ணீர் போனால் உயிர் போய்விடும்.

அவள் மேற்குக் காட்டு யானையிடம் ஓடினாள்.

"ஐயா, ஒரு தள்ளு தள்ளுனீங்கன்னா கட்டை போயிடும்."

"தள்ளலாம்மா. ஆனா நுனி கிழக்குல கிடக்கு. நான் தொட்டா அத்துமீறல்னு சொல்லுவாங்க."

கிழக்குக் காட்டு எருமை, "வேர் அவங்க பக்கம். அவங்க முதல்ல தொடட்டும்," என்றது.

விஷயம் முற்றியதால் 'கட்டை அகற்றும் பேரவை' உருவானது. எங்கே கூடுவது? மேற்கில் கூடினால் கிழக்குக்கு அவமானம், கிழக்கில் கூடினால் மேற்குக்கு. இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஒரே இடம் அந்தக் கட்டைதான். அதன் மேலேயே மைக் கட்டினார்கள். யானை உட்கார்ந்ததும் கட்டை இன்னும் ஆழமாகப் பதிந்தது.

நடுநிலையான ஆள் வேண்டும் என்று கொக்கைச் செயலாளராக்கினார்கள். தங்கப்பூவுக்குப் பார்வையாளர் இடம் கிடைத்தது. பார்க்கலாம், கத்தக் கூடாது.

"நீங்க ஆரம்பிங்க, நான் பின்னாலேயே தள்றேன்," என்றது யானை.

"சேச்சே, பெரியவங்க நீங்க இருக்கும்போது நானா?" என்றது எருமை.

கல்யாண வீட்டுப் பந்தியில் முதலில் உட்காரக் கூச்சப்படும் சம்பந்திகள் மாதிரி இது நாள்கணக்கில் நடந்தது. நடுவில் கூட்டாக ஆழ்ந்த கவலை தெரிவித்தார்கள். அது எவ்வளவு ஆழம் என்பதில் தகராறு வந்து ஒரு வாரம் போனது. எனக்கே எழுந்துபோய் அந்தக் கட்டையைத் தள்ளலாம் போலிருந்தது, கதை சொல்பவனுக்கு அந்த அதிகாரம் இல்லை.

"குட்டையை யாராவது நேர்ல போய்ப் பாருங்களேன்," என்று தங்கப்பூ கெஞ்சினாள்.

கள ஆய்வுக்குக் கொக்கு போனது. திரும்பி வந்து ஏப்பம் விட்டது. "நிலைமை மோசம். எண்ணிக்கை குறைஞ்சுகிட்டே வருது," என்று அறிக்கை வாசித்தது. அறிக்கை நேர்மையாக இருப்பதாக எல்லோரும் பாராட்டி, தினமும் ஆய்வு நடத்தச் சொன்னார்கள்.

தங்கப்பூ அதன்பின் கூட்டத்துக்குப் போகவில்லை. மிச்சமிருந்த பிள்ளைகளைச் சேற்றுக்குள் மறைத்து, மேலே படுத்துக்கொண்டாள். கடைசிச் சொட்டுத் தண்ணீர் காய்ந்த அன்று காலையில், அடிவயிற்றில் ஏதோ குறுகுறுத்தது. எழுந்து பார்த்தாள். பிள்ளைகளுக்குக் கால் முளைத்திருந்தது. தத்தித் தத்தி எல்லாம் கரையேறின. அவள் அழுதுவிட்டாள்.

செய்தி பேரவைக்குப் போனது. உடனே யானையும் எருமையும் கைதட்டின. தட்டக் கையில்லை என்பதால் கட்டையைத்தான் தட்டின. தங்கப்பூவை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். கொக்கு தீர்மானம் வாசித்தது: "இரு காடுகளின் ஒத்துழைப்பால், பாதிக்கப்பட்டோருக்குக் கால்கள் வழங்கப்பட்டன."

தங்கப்பூ மைக்கைப் பிடித்தாள். "கால் அதுவா முளைச்சதுங்க."

கொக்கு அவளைக் கனிவோடு பார்த்தது. "அதுவா முளைக்கிற வரைக்கும் அவகாசம் கொடுத்தது யாரும்மா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கட்டை அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு எங்கே உட்காருவார்கள்?

நீதி: உலகமே ஒன்றுகூடி உங்களைக் காப்பாற்றப் போகிறது என்று கேள்விப்பட்டால், அதற்குள் எப்படியாவது கால் முளைத்துவிடுங்கள்.