மாட்டோடு சேர்ந்து மூச்சுவிட்டவர்

மதுரை வட்டாரத்தில் மயக்க ஊசி போட்ட மாடுகளுக்குத் துணையாக மூச்சுவிட்ட ஒரே மனிதர், எங்கள் கால்நடை மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கும் ‘மூச்சு டாக்டர்’தான். மாடு இழுத்தால் இவர் இழுப்பார். மாடு விட்டால் இவர் விடுவார். நாய்க்கு அறுவை நடக்கும் நாளில், சிகிச்சை யாருக்கு என்று வராந்தாவில் நிற்பவர்கள் குழம்புவார்கள்.

அங்கே அறுவை செய்யும், எல்லா விதிமுறைகளையும் கரைத்துக் குடித்த எனக்கு இது எரிச்சல். ரத்தத்தின் புளிப்பை அளக்கும் கருவி வந்ததும், “அண்ணே, இனி உங்க மூச்சை மட்டும் பாத்துக்கங்க” என்றேன்.

“ரத்தம் புளிச்ச பிறகுதான் மெஷினு சொல்லும் மாப்ள. எனக்குப் புளிக்கப் போறதே தெரியும்.”

எழுமலை ஊர்ப் பேச்சியம்மாள் தன் உழவு காளையைக் கொண்டுவந்தார். கொம்பில் புற்று. “இதோட சோடி அங்க தண்ணிகூடக் குடிக்காம நிக்கிது சார். ரெண்டையும் காப்பாத்திருங்க.”

ஊசி போட்டு, காளையைப் பக்கவாட்டில் படுக்கவைத்தோம். நான் கொம்பை அறுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் காலில் ஓர் உதை. திரும்பினால், காளையின் மூக்கருகே உட்கார்ந்திருந்த மூச்சு டாக்டரின் முகம் கத்தரிக்காய் நிறம்.

“என்னண்ணே?”

மறுபடி உதை. பிறகுதான் புரிந்தது, காளையின் மூச்சு நின்றிருந்தது. அது விடாமல் தான் விடுவதில்லை என்பது அவர் கொள்கை. மூச்சில்லாமல் எப்படிக் கத்துவார்?

படுத்த மாட்டின் வயிற்றில் வாயு ஏறி நெஞ்சை அழுத்தியிருந்தது. வெளியேற வேண்டிய கரிவாயு ரத்தத்திலேயே தங்கிப் புளிப்பேற்றும். அந்தப் புளிப்பில் இதயம் தடுமாறும். சற்றுமுன் எடுத்த ரத்தத்தைக் கருவி இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தது.

காளையைப் புரட்டி, நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தினோம். வாய்வழியே குழாயை விட்டதும் புஸ்ஸென்று வாயு வெளியேறியது. வாசலிலிருந்து பேச்சியம்மாள் அலறினார்: “இழுடா ராசா!”

முதலில் இழுத்தது காளை. அடுத்த கணம், மூச்சு டாக்டர். அதற்கும் பிறகுதான் கருவி, ரத்தம் புளித்துவிட்டதாகச் சீட்டைத் துப்பியது.

“நான் ரெண்டு பேரையுந்தேன் ராசான்னேன்” என்றார் பேச்சியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. காளை வீடு திரும்பிய அன்றே அதன் சோடியும் தொட்டியில் வாய் வைத்ததாம்.

போன மாதம் எனக்குக் குடலிறக்க அறுவை. மயக்கம் தெளிந்து வெளியே வந்தால், கதவுக் கண்ணாடியருகே வியர்வையில் நனைந்தபடி அவர்.

“நீ மாட்டைவிடச் சோம்பேறி மாப்ள,” என்றார், இரைக்க இரைக்க. “அம்புட்டையும் நானே விட வேண்டியதாப் போச்சு.”

நான் அவரோடு சேர்ந்து மெதுவாக ஒரு மூச்சு விட்டேன்.